டெபாசிட்டில் கை வைத்தார்கள், 'ரிப் ஆஃப்' என்று எழுத உட்கார்ந்தேன்

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறவர்கள் யாராவது வாடகை வீட்டைப் பற்றி என்னிடம் கேட்டால், சட்டத்தோடு சேர்த்துச் சில இங்கிலீஷ் வினைச்சொற்களையும் சொல்லி அனுப்புகிறேன். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். ஐயெல்ட்ஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் ஏழு வாங்கிக்கொண்டு போனவன் நான். வரைபடத்தைப் பார்த்துப் பத்தி எழுதுவேன், பருவநிலை மாற்றம் பற்றிக் கட்டுரை எழுதுவேன். ஆனால் வீட்டு ஏஜென்சி என் டெபாசிட்டைப் பிடித்து வைத்துக்கொண்டபோது அவர்களோடு மல்லுக்கட்டத் தேவைப்பட்ட இங்கிலீஷ் எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லித் தராத இங்கிலீஷ். அதைத் தனியாக, பணத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரவு வேலைக்கு நடுவே கற்றுக்கொண்டேன். அடுத்து வருகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் லெஸ்டர் போய் இறங்கினேன். வீடு என்றால் ஒரே அறை, மூலையில் அடுப்பு, மாதம் 650 பவுண்டு. எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட இங்கிலாந்தில் யாரும் இல்லாததால் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள், அது 3,900 பவுண்டு. அதற்கு மேல் டெபாசிட் 750. அப்புறம் 'ரெஃபரன்ஸ் செக்', அதாவது என் பின்னணியை விசாரிக்க, என்று சொல்லி 100 பவுண்டு. அப்போது ஒரு பவுண்டு 90 ரூபாயை ஒட்டி இருந்தது, ஆக சாவியைக் கையில் வாங்குவதற்குள் நாலே கால் லட்சம் ரூபாய் போய்விட்டது, அதில் பெரும்பகுதி கல்விக் கடன். புது ஊர், வகுப்பு தொடங்க நாளில்லை, தங்கியிருந்த விடுதியில் ஒரு ராத்திரிக்கு ஆகும் செலவை நினைத்தாலே வயிறு கலங்கும். அந்த நிலையில் எவன் என்ன கேட்டாலும் கொடுப்பான். கொடுத்தேன்.

அந்த 100 பவுண்டை அவர்கள் கேட்டிருக்கவே கூடாது என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் வாடகைதாரர் கட்டணங்கள் பற்றிய சட்டம் அமலில் இருக்கிறது. ரெஃபரன்ஸ் செக், அட்மின், இன்வென்ட்டரி (வீட்டின், பொருள்களின் நிலையைக் குறிக்கும் பட்டியல்), செக் அவுட் (காலி செய்யும்போது வீட்டைச் சரிபார்ப்பது) என்று எந்தப் பெயரிலும் வாடகைதாரரிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் முன்பணம் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால், ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. 650 பவுண்டு வாடகைக்கு ஐந்து வாரக் கணக்கு மிகச் சரியாக 750 வருகிறது, அந்த வரைக்கும் ஏஜென்சிக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆறு மாத வாடகையை மொத்தமாக வாங்கியது அன்றைக்குச் சட்டப்படி சரி. 2025ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் அந்தப் பழக்கத்தையும் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

ஒரு வருடம் முடிந்து காலி செய்தேன். நானே இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சாவி கொடுத்தேன். பத்து நாளில் மெயில் வந்தது. சுத்தம் செய்ய 180, சுவருக்கு வர்ணம் அடிக்க 220, கம்பளத்துக்கு 160, செக் அவுட் கட்டணம் 60. மொத்தம் 620 போக, மீதி 130 பவுண்டு உங்கள் கணக்குக்கு வரும், நன்றி. இதைப் படித்தபோது கோபம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை, முதலில் வந்தது வெட்கம். வீட்டில் அப்பா 'டெபாசிட் வந்துச்சாப்பா' என்று கேட்டபோது 'வந்துடுச்சுப்பா' என்றேன். அவர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர், அவரிடம் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அடுத்த வீட்டுக்கு டெபாசிட் கட்ட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். கல்லூரியில் கூடப் படித்தவனிடம் 400 பவுண்டு கடன் வாங்கிக் கட்டினேன்.

அப்போது சூப்பர் மார்க்கெட் கிடங்கில் பகுதிநேர வேலை. கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்னது 'தே சீட்டட் மீ'. நம் ஊரில் சீட்டிங் என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஃபோர் ட்வென்டி வரைக்கும் போகும் (அங்கே ஃபோர் ட்வென்டி என்றால் கஞ்சா, ஆர்வக்கோளாறில் அதைச் சொல்லிவிடாதீர்கள்). அவருக்குப் புரிந்தது, ஆனாலும் சீட் என்றதும் அவர்களுக்குச் சட்டென்று மனதில் வருவது பரீட்சையில் காப்பி அடிப்பது, அல்லது கட்டினவளுக்குத் துரோகம் செய்வது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னது: 'தே'வ் ரிப்ட் யூ ஆஃப், மேட்.' கேட்டதும் ஒரு நிம்மதி. நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்கிற நிம்மதி. பிபிசியில் அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு ஒரு நுகர்வோர் நிகழ்ச்சி 2009 முதல் ஓடுகிறது, அந்த அளவுக்கு அது அவர்கள் வீட்டுச் சொல்.

அந்த வாரம் முழுக்க அந்தச் சொல் எங்கே வந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ரிப் என்றால் கிழிப்பது, ரிப் ஆஃப் என்றால் நேர்ப்பொருளில் பிய்த்து எடுப்பது, ஒட்டுப் பிளாஸ்திரியை உரிக்கிறோமே அதுதான். ஆளின் மேல் வரும்போது அதிக விலை போட்டோ ஏமாற்றியோ காசைப் பிடுங்குவது, நம் பேச்சில் தலையில் மிளகாய் அரைப்பது. நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: என்னை, உன்னை, அவனை என்று பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். 'தே ரிப்ட் மீ ஆஃப்' சரி, 'தே ரிப்ட் ஆஃப் மீ' என்று யாரும் சொல்வதில்லை. முழுப் பெயர்ச்சொல் வந்தால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்: 'தே ரிப் ஸ்டூடன்ட்ஸ் ஆஃப்', 'தே ரிப் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்', இரண்டுமே சரி. எனக்கு நடந்தது என்று சொல்ல 'ஐ காட் ரிப்ட் ஆஃப்'. பெயர்ச்சொல்லாக, 'இட்ஸ் எ ரிப் ஆஃப்' என்று சொன்னால் விலை அநியாயம் என்று பொருள், அப்போது அழுத்தம் ரிப் மேல் விழும், வினையாகச் சொன்னால் அழுத்தம் ஆஃப் பக்கம் நகர்ந்துவிடும். இன்னொரு பொருளும் உண்டு, ஒருவர் செய்ததை அப்படியே சுட்டுத் தன்னுடையதாகக் காட்டுவது. வகுப்பில் யாராவது 'ஹி ரிப்ட் ஆஃப் மை ஐடியா' என்றால் அது காசு விவகாரம் இல்லை.

சரி, சொல் கிடைத்துவிட்டது, வேகமும் இருந்தது. 'யூ ஆர் ரிப்பிங் மீ ஆஃப், யூ ஆர் டேக்கிங் அட்வான்டேஜ் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்று இரண்டு பக்கத்துக்கு மெயில் எழுதி அனுப்பினேன். பதில் மூன்று வரி. எங்கள் ஊழியர்களிடம் மரியாதையான தொனியில் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம், நடைமுறைப்படி எல்லாம் செய்யப்பட்டுள்ளது, உரிமையாளரிடம் தெரிவிக்கிறோம். 220 பவுண்டு வர்ணம் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. என் தொனியைப் பற்றிப் பேசினால் போதும், பணத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்கிற வசதியை அந்த ஒரு சொல் அவர்களுக்குக் கொடுத்துவிட்டது. ரிப் ஆஃப் டீக்கடைச் சொல், நண்பரிடம் சொல்லலாம், போனில் அம்மாவிடம் சொல்லலாம், அலுவலகக் கடிதத்தில் போட்டால் அது மோசடிக் குற்றச்சாட்டு மாதிரி விழும்.

அப்புறம் ஆறேழு வாரம் இழுத்தடித்தார்கள். போன் செய்தால் பார்ப்பவர் லீவில் இருக்கிறார், மெயில் போட்டால் உரிமையாளர் பதில் சொல்லவில்லை, நேரில் போனால் அந்தப் பிரிவு வேறு கிளையில் இருக்கிறது. இப்படிச் சாக்குப்போக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு அங்கே 'ஃபாப் ஆஃப்' என்று ஒரு சொல் உண்டு. 'தே கீப் ஃபாபிங் மீ ஆஃப்.' இதிலும் மீ நடுவில்தான். அவர்களுக்குத் தெரியும், விசா முடியப்போகும் மாணவன் எவ்வளவு நாள் துரத்துவான் என்று. பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுகிறார்கள், மீதிப் பேர் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு கட்டத்தில் 130 பவுண்டோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். இரவு வேலை முடிந்து காலையில் வந்து அவர்களுக்கு மெயில் அடிக்கும்போது கை நடுங்கும், பசியா ஆத்திரமா என்று எனக்கே தெரியாது. உங்களை யாராவது இப்படித் தள்ளிவிட ஆரம்பித்தால் போனில் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். பேசியே ஆக வேண்டும் என்றால், பேசி முடித்ததும் 'இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நான் அலைந்ததில் கடைசியில் உதவியது அந்த மெயில்கள்தான், போன் பேச்சு ஒன்றுக்கும் ஆகவில்லை.

திருப்பம் வந்தது பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்தில். இலவசம், முன்பதிவு செய்துகொண்டு போனால் போதும். ஒரு வருடமாக அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அங்கே இருந்த அம்மா என் இரண்டு பக்க மெயிலை முழுக்கப் படித்துவிட்டு, ரிப்பிங் வரும் இடத்தையெல்லாம் பேனாவால் கோடு போட்டு அடித்தார். உணர்ச்சி எல்லாம் சரி, இதில் ஒரு தொகையாவது இருக்கிறதா என்று கேட்டார். பிறகு நான்கு பிடித்தத்துக்கும் நான்கு வரி எழுதச் சொன்னார். 60 பவுண்டு செக் அவுட்டுக்கு 'புரொஹிபிட்டட் பேமென்ட்', அதாவது சட்டம் தடை செய்த கட்டணம். வர்ணத்துக்கு 'ஃபேர் வேர் அண்ட் டேர்', ஆள் இருந்தால் இயல்பாக வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் காசு தர வேண்டியதில்லை. கம்பளத்துக்கு அதன் வயது என்ன, பழையதற்குப் புதியதன் விலையைக் கேட்க முடியாது. சுத்தத்துக்கு ரசீதும் படமும் எங்கே? ஏமாற்றினீர்கள், சுரண்டினீர்கள் என்பதற்குப் பதிலாக 'டிடக்ட்' (பிடித்தம் செய்வது), 'வித்ஹோல்ட்' (தராமல் நிறுத்தி வைப்பது), 'ஓவர்சார்ஜ்' (அதிகமாக வாங்குவது), 'அன்ரீசனபிள்' (நியாயமில்லாதது) என்ற சொற்கள். படிக்கச் சப்பென்று இருந்தது. இந்த மெயிலுக்கு மறுநாளே பதில் வந்தது, முதல் வேலையாக அந்த 60 பவுண்டுப் பிடித்தத்தைக் கைவிட்டார்கள்.

மீதிக்கு அவர் காட்டிய வழிதான் முக்கியம். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட வாடகை டெபாசிட்டுகளை அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பாதுகாத்து வைக்க வேண்டும். டெபாசிட் பாதுகாப்புச் சேவை, மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்று மூன்று இருக்கின்றன. பணம் வாங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்து, எந்தத் திட்டம் என்ற விவரத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். செய்யவில்லை என்றால் கவுன்ட்டி கோர்ட் மூலம் டெபாசிட்டைப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை அபராதம் கேட்கலாம். நீங்கள் குடிபோன அடுத்த மாதமே மூன்று திட்டங்களின் இணையதளத்திலும் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடிவிடுங்கள், அஞ்சு நிமிட வேலை. என்னுடையது பதிவாகியிருந்தது. அப்படி இருந்தால் தகராறைத் தீர்க்க அந்தத் திட்டத்துக்குள்ளேயே இலவச வழி ஒன்று உண்டு. விசாரணை, வக்கீல் எதுவும் கிடையாது, இரண்டு பக்கமும் அனுப்பும் காகிதத்தைப் பார்த்து நடுவர் முடிவு சொல்வார். டெபாசிட் வாடகைதாரரின் பணம் என்பதால், அதிலிருந்து ஏன் எடுக்க வேண்டும் என்று நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர். இது தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. காலி செய்த பிறகு இதற்குப் பல நேரங்களில் மூன்று மாதக் கெடு இருக்கும், அப்படி இருந்தால் ஏஜென்சி இழுத்தடிக்கிற ஒவ்வொரு வாரமும் அதிலிருந்துதான் கழிகிறது, அதனால் அவர்கள் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நடுவரிடம் எனக்குக் கைகொடுத்தது ஒரு வீடியோ. குடிபோன அன்று அம்மாவுக்கு வீட்டைக் காட்டுவதற்காக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதில் சுவரில் பழைய ஆணி ஓட்டைகள், கம்பளத்தில் அடுப்போரம் இருந்த கறை எல்லாம் தேதியோடு தெளிவாக விழுந்திருந்தன. ஏஜென்சி அனுப்பிய இன்வென்ட்டரியில் 'குட் கண்டிஷன்' என்று மட்டும் இருந்தது. நடுவர் அடுப்பின் உட்புறச் சுத்தத்துக்கு 45 பவுண்டு வீட்டுக்காரருக்குக் கொடுத்தார், அது நியாயம்தான், அந்த அடுப்பை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மீதி 705 எனக்கு வந்தது. முன்பே வாங்கிய 100 பவுண்டுக்குத் தனிக் கடிதம், 2019 சட்டத்தைச் சொல்லி, திருப்பித் தரவில்லை என்றால் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற உள்ளூர் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போவேன் என்று. பத்து நாளில் அதுவும் வந்தது, மன்னிப்பு எதுவும் இல்லாமல்.

இதற்கிடையில் டேக் அட்வான்டேஜ் ஆஃப் என்ற தொடரையும் ஒரு வழியாகப் புரிந்துகொண்டேன். நான் ஏஜென்சியைத் திட்டப் பயன்படுத்திய அதே தொடர், குடிபோன வாரம் அவர்கள் அனுப்பிய விளம்பர மெயிலில் இருந்தது: எங்கள் சுத்தம் செய்யும் சேவையை 'டேக் அட்வான்டேஜ்' செய்துகொள்ளுங்கள் என்று. இரண்டும் சரியான இங்கிலீஷ்தான். பின்னால் ஒரு வாய்ப்போ வசதியோ வந்தால் பயன்படுத்திக்கொள்வது, ஆள் வந்தால் பெரும்பாலும் அவர் அப்பாவித்தனத்தை வைத்துக் காரியம் சாதிப்பது. நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு பேராசிரியருக்கு 'ஐ டுக் அட்வான்டேஜ் ஆஃப் யூ' என்று எழுதிவிடாதீர்கள், உதவியைச் சொல்ல வேண்டும் என்றால் 'ஆஃப் யுவர் ஹெல்ப்' என்று போடாமல் இருப்பதும் நல்லது, நேராக 'தேங்க்ஸ் ஃபார் யுவர் ஹெல்ப்' போதும். இன்னும் கடுமையானது 'ப்ரே ஆன்', வேட்டையாடுவது, பலவீனமானவர்களாகத் தேடிப்பிடித்துப் பிழைப்பது. வேலை வாங்கித் தருகிறேன், விசா ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று மாணவர்களிடம் ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களைச் சொல்ல அதுதான் சரியான சொல். உச்சரிப்பில் பிரார்த்தனைச் சொல்லும் இதுவும் ஒன்றேதான், எழுதும்போது ஏ போட்டால் சாமி, ஈ போட்டால் வேட்டை. 'வாக் ஆல் ஓவர்' என்பது குனியக் குனியக் குட்டுவது. கிடங்கில் எல்லா ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டையும் என் தலையில் கட்டியபோது அதே உள்ளூர்க்காரர் சொன்னார், 'டோன்ட் லெட் தெம் வாக் ஆல் ஓவர் யூ' என்று. இதில் யூ நடுவில் வராது, கடைசியில்தான். ஏன் என்று கேட்காதீர்கள், சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

நம்மவர்கள் வீட்டில் அறை எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு பக்கம் தமிழ்க் குடும்பங்களோடு ஒரே வீட்டில் அறை வாடகைக்குத் தங்கும் மாணவர்கள் ஏராளம். சாப்பாடு கிடைக்கும், மொழி கிடைக்கும், நல்லவர்களே அதிகம். ஆனால் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால் நீங்கள் சட்டப்படி 'லாட்ஜர்', டெபாசிட் பாதுகாப்புத் திட்டம் உங்களுக்குக் கிடையாது. 'அண்ணா, ரசீது வேண்டாம்' என்று கூச்சப்பட்டு ரொக்கமாகக் கொடுத்தால் பிறகு கேட்க ஒரு காகிதம்கூட இருக்காது. பேங்க் மூலம் அனுப்புங்கள், குறிப்பில் டெபாசிட் என்று போடுங்கள், 'கிடைத்தது' என்று ஒரு வாட்ஸ்அப் வாங்கிவிடுங்கள். இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இரண்டு தொண்டு அமைப்புகளும் இலவசமாக ஆலோசனை சொல்லும்.

பணம் வந்த பிறகு ஏஜென்சியைப் பற்றி ஆன்லைனில் மதிப்புரை எழுத உட்கார்ந்தேன். கை தானாக 'ரிப் ஆஃப் ஏஜென்சி, தே ப்ரே ஆன் ஸ்டூடன்ட்ஸ்' என்றுதான் அடித்தது. அழித்துவிட்டேன். அப்படி எழுதினால் அவதூறு என்று வக்கீல் கடிதம் வரும், இல்லையென்றால் அவர்கள் புகார் செய்து அதை எடுக்க வைப்பார்கள். எழுதியது இவ்வளவுதான்: 2023ல் 750 பவுண்டு டெபாசிட்டில் 620 பிடித்தார்கள், 60 பவுண்டைக் கடிதம் எழுதியதும் விட்டுவிட்டார்கள், மீதிக்குத் திட்டத்தின் நடுவர் 45 மட்டும் அனுமதித்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, கீழே அவ்வப்போது யாராவது எந்தத் திட்டத்துக்கு எழுதினீர்கள் என்று கேட்கிறார்கள்.